ஐரீன் வீட்டுச் சின்ன டின்

போன வருஷக் கிறிஸ்துமஸுக்குத் தேவப்பிரியம் வீட்டுக் கேக்கில் பாதிரியாரின் மனைவி இரண்டு துண்டு சாப்பிட்டார். அந்த அம்மாவை எல்லோரும் ஐயரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கிருந்து நேராக அடுத்த வீடான ஐரீன் வீட்டுக்கு வந்தவர், ஒரு துண்டை எடுத்தார், பாதி கடித்தார், மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரே காலையில் பதினேழு வீட்டுக்குப் போய்ப் பதினேழு வீட்டிலும் எதையாவது வாயில் போட்டாக வேண்டிய பிழைப்பு அவருக்கு. வயிறு என்ன சாக்கா? ஆனால் ஐரீனிடம் இந்த நியாயமெல்லாம் எடுபடாது. அந்தப் பாதித் துண்டை அவள் ஒரு வருஷம் முழுக்க நெஞ்சில் சுமந்தாள்.

பொங்கல் கழிந்ததும் மதில் சுவருக்கு மேலே எட்டிக் கேட்டேவிட்டாள். "ஏன் தேவப்பிரியம், உன் கேக்குல அப்டி இன்னாதான் போடுறே?"

தேவப்பிரியம் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, பல் தெரியாமல் சிரித்தாள். "பழத்த ரம்முல ஊற வெக்கிறேன். வேற இன்னா?"

தேவப்பிரியத்தால் முடியும். அவள் வீட்டில் சொந்தமாக மின்சார ஓவன் இருந்தது. ஐரீனால் முடியாது. ஏனென்றால் ராயபுரத்தில் அந்தத் தெருவின் மற்றக் கிறிஸ்தவ வீடுகளைப் போலவே, அவள் வீட்டுக் கேக்கும் தமீம் பாயின் பேக்கரி அடுப்பில்தான் வெந்துகொண்டிருந்தது.

அது தமீமின் தகப்பனார் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. டிசம்பர் இருபத்திரண்டும் இருபத்துமூன்றும் மதியம் பன்னும் ரொட்டியும் இறங்கிய பிறகு, அந்தப் பெரிய செங்கல் அடுப்பைத் தெருவுக்கு விட்டுவிடுவார்கள். பெண்கள் வீட்டில் மாவைக் கலந்து, டின்களில் ஊற்றி, துணி போட்டு மூடி எடுத்துப் போவார்கள். பேர் எழுதிய சீட்டு வைத்தால் அடுப்பில் எரிந்துவிடும். அதனால் மாவின் மேல் முந்திரியால் ஓர் அடையாளம். ஒரு வீட்டுக்கு நடுவில் ஒற்றை முந்திரி, ஒரு வீட்டுக்குச் சிலுவை, ஐரீன் வீட்டுக்கு மூன்று முந்திரி முக்கோணமாக. பாய்க்கு எல்லா வீட்டு முந்திரியும் மனப்பாடம்.

அந்த அடுப்புக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. சாராய வகை எதுவும் மாவில் இருக்கக் கூடாது. திராட்சை ரசத்தில் பட்டையும் கிராம்பும் போட்டுப் பழத்தை ஊற வைத்துக்கொள்ள வேண்டியது. தமீமின் அத்தா இதை ஒரே ஒரு தடவை சொன்னாராம். அதற்குப் பிறகு யாரும் கேட்டதுமில்லை, யாரும் மீறினதுமில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வீடும் பெரிய டின்களோடு ஒரு சின்ன டின்னும் கொண்டுபோகும். அது பாய் வீட்டுக்கு. கூலி என்று யாரும் சொல்வதில்லை. ரம்ஜான் மாதத்தில் பாயின் மனைவி சைமா தூக்கில் நோன்புக் கஞ்சி அனுப்புவதை யாராவது கூலி என்பார்களா? அதைப்போலத்தான்.

ஐரீன் கெட்டவள் இல்லை. பாயை ஏமாற்ற வேண்டும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அவள் போட்ட திட்டம் சுத்தமான திட்டம். கப்பலில் வேலை பார்க்கும் ஜோபின், அவள் கணவரின் அண்ணன் மகன், ஆகஸ்டில் வந்திறங்கியபோது சித்தப்பாவுக்கென்று ஒரு ரம் பாட்டில் கொண்டுவந்தான். சித்தப்பா செல்வநாதன் தெற்கத்திக்காரர், கல்மண்டபத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர், குடிப்பழக்கமே இல்லாதவர். பாட்டிலை என்ன செய்வது என்று தெரியாமல் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டார். ஐரீன் அதை எடுத்து, அக்டோபரில் பழங்களையெல்லாம் ஊறுகாய் ஜாடியில் போட்டு, தலை மூழ்க ஊற்றினாள். கூடவே தீபாவளித் தள்ளுபடியில் ஒரு மின்சார ஓவனும் வாங்கிவிட்டாள். வீட்டு ஓவனில் வீட்டுக் கேக். பாய்க்கும் பங்கம் இல்லை, ஐயரம்மாவுக்கு முழுத் துண்டு.

டிசம்பர் இருபத்திரண்டு, மதியம் இரண்டு மணி. மாவு கலந்தாகிவிட்டது, நாலு பெரிய டின்னிலும் ஊற்றியாகிவிட்டது. ஓவன் சுவிட்சைப் போட்டாள். உள்ளே சிவப்பாக ஒரு கம்பி கண் விழித்தது, வெளியே டப்பென்று ஒரு சத்தம் கேட்டது, வீடு முழுக்க விளக்கு அணைந்தது. ஃபியூஸ் போட்டதும் வீட்டுக்கு உயிர் வந்தது. ஓவனுக்கு வரவில்லை.

சோடா உப்புப் போட்ட மாவை அப்படியே வைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் களியாகிவிடும். தேவப்பிரியத்தின் ஓவன் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அங்கே போய் நிற்பதைவிட நாலு டின்னையும் காசிமேட்டுக் கடலில் கொண்டுபோய்க் கொட்டலாம் என்றிருந்தது அவளுக்கு. மிச்சம் இருந்தது ஒரே வழி.

யோசிப்பதற்கு நேரம் இருந்திருந்தால் யோசித்திருப்பாள். நேரம் இல்லை. கூடையில் டின்களை அடுக்கினாள். ஆணியில் தொங்கிய சின்ன டின்னைக் கை தானாக எடுத்தது, வழித்த மாவைத் தானாக ஊற்றியது, அதன் மேலும் மூன்று முந்திரியைத் தானாக வைத்தது. இருபது வருஷப் பழக்கம். அந்தக் கைக்கு ரம் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

பேக்கரிப் பின்கட்டில் தமீம் பாய் பனியனோடு நின்றிருந்தார். கூடையை வாங்கி மேடையில் வைத்து, மூடியிருந்த துணியை விலக்கினார். விலக்கியவர் அதைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னா தங்கச்சி, இந்த வாட்டி வர மாட்டேன்னு நெனச்சேன். வூட்லயே ஓவன் வாங்கிட்டதா சைமா சொல்லுச்சு."

"அது புட்டுக்கிச்சு பாய்."

"பழம்லாம் நல்லா ஊறிகீதா?"

"நல்லா ஊறிகீது பாய்," என்றாள் ஐரீன். பொய் இல்லை. இரண்டு மாதமாக ஊறுகிறது.

பாய் துணியைத் திரும்ப மூடினார். "சரி, வெச்சிட்டுப் போ. இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி. காலைல வந்து வாங்கிக்கோ."

மேடையில் இரண்டு வீட்டு டின்கள்தான் இருந்தன. அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் ஐரீன் இல்லை. விட்டால் போதும் என்று வெளியே வந்தாள். பாதித் தெரு வந்த பிறகுதான் சின்ன டின் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் என்ன சொல்லிக் கேட்பது? பாய்க்குச் சர்க்கரை வியாதி, சைமா இனிப்பு அவ்வளவாகத் தொடமாட்டாள், வேலைக்காரர்கள் யாராவது தின்றுவிடுவார்கள், அடுப்புச் சூட்டில் ரம் ஆவியாகப் போய்விடும் என்று இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லித் தன்னைத்தானே தேற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் மட்டும் கண்ணை மூட என்னவோ போலிருந்தது.

மறுநாள் காலை கேக் வந்தது. மேலே அருமையான நிறம். அடியில் ஒரு பக்கம் மட்டும் லேசாகக் கருகியிருந்தது. பாய் அடுப்பில் அடி பிடித்ததாகச் சரித்திரமே கிடையாது. எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு, கருகினதைக் கத்தியால் சுரண்டி எறிந்தாள்.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தேவப்பிரியம் பக்கத்தில் வந்து கையைக் குலுக்கினாள். "கேக்கு நல்லா வந்துச்சா ஐரீன்? அடில ஒண்ணும் புடிச்சிக்கலியே?"

"அதெல்லாம் சோக்கா வந்துகீது," என்றாள் ஐரீன். இவளுக்கு எதற்கு என் கேக்கின் அடி என்று எரிச்சலாக வந்தது.

பத்தரை மணிக்கு ஐயரம்மா வந்தார். ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொன்று எடுத்தார். போகும்போது வாசலில் நின்று, "ஐரீன், இந்த வருஷம் உன் கேக்குதான்," என்றார். ஒரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. செல்வநாதன் கூடச் சந்தோஷத்தில் மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் ஐரீன் எதிர்பார்த்த மாதிரி உள்ளம் குளிரவில்லை. காலில் முள் தைத்துக்கொண்டு ஊர்வலத்தில் நடப்பவளைப்போல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் செல்வநாதன்.

"ஒண்ணுமில்ல. சைமா வூட்டுக்கு பிரியாணி குடுத்துட்டு வந்துர்றேன்."

பேக்கரிக்கு மாடியில் பாய் வீடு. வருஷா வருஷம் ஐரீன் வீட்டுப் பிரியாணியும் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் மூன்று மணிக்குள் அங்கே போய்விடும். கறி ஹலால் கடைக் கறிதான், அதனால் சங்கடம் இல்லை. இன்றைக்குப் படியேறும்போதே வித்தியாசம் தெரிந்தது. வாசலில் புது மிதியடி, கூடத்தில் வாடகை நாற்காலி, மல்லிகைப்பூ வாசனை.

சைமா பட்டுப்புடவையில் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். எல்லாம் நேத்துதான் திடுதிப்புனு முடிவாச்சு. இன்னிக்கு லீவு நாளாப் போச்சா, அவங்கள்லாம் இன்னிக்கே வந்து நம்ம பொண்ணு ஷிஃபானாக்கு நிச்சயம் பண்ணிட்டுப் போறாங்களாம். மணலி புதுநகர்லேர்ந்து கெளம்பிட்டாங்க."

"யாரு, அந்த எஞ்சினீயர் பையனா?"

"அவருதான். நல்ல குடும்பம் அக்கா. மாப்பிள்ளையோட அத்தா பள்ளிவாசல் கமிட்டில கீறாரு. அந்தம்மா ஒரு வேளை தொழுகைய வுட்டதில்லையாம்." சைமா குரலைத் தாழ்த்தினாள். "தட்டுல வெக்க வெளி ஸ்வீட்டு வாங்கலாம்னு ஷிஃபானா சொன்னா. நான் எதுக்குன்னுட்டேன். எங்க ஐரீன் அக்கா கேக்கு கீதே, அதுக்கு ஈடா எதுனா கீதான்னேன். போன்லயே சம்பந்தியம்மா கிட்ட சொல்லி வெச்சிட்டேன்."

சமையலறை மேடையில், வெள்ளித்தாள் ஒட்டிய தட்டின் நடுவில் அந்தச் சின்ன கேக் உட்கார்ந்திருந்தது. மேலே மூன்று முந்திரி, முக்கோணமாக.

ஐரீன் பிரியாணிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"இது மூணு நாளு கேக்கு சைமா, காஞ்சு போயிருக்கும். நான் வூட்லேர்ந்து வேற எடுத்தாரேன்." சொல்லும்போதே, வீட்டில் இருப்பதும் அதே மாவுதான் என்பது உறைத்தது.

"பழக் கேக்கு நாளாவ ஆவத்தான ருசி, நீதான சொல்லுவே?"

கீழே தவறிப் போட்டுவிட்டால் என்ன? ஒரு தட்டு, ஒரு கேக், ஒரு மன்னிப்பு, முடிந்தது கதை. ஐரீன் தட்டைக் கையில் எடுத்தாள். சைமா சட்டென்று வாங்கிக்கொண்டாள். "குடு அக்கா, உனக்குக் காலைலேர்ந்து அலைச்சல். நீ உக்காரு."

இந்த அன்புதான் ஐரீனைக் கொன்றது. கீழே வண்டிகள் வந்து நிற்கிற சத்தமும், ஸலாம் சொல்கிற குரல்களும் கேட்டன. சைமா கேக் கத்தியை எடுத்தாள்.

"சைமா, வெட்டாதே." ஐரீன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அதுல ரம்மு கீது. பழத்த ரம்முல ஊற வெச்சேன். எங்க வூட்டு ஓவன்ல செய்யத்தான் வெச்சேன், அது கெட்டுப்போச்சு. வாய மூடிக்கினு பாய் அடுப்புக்குக் கொண்டாந்துட்டேன். சின்ன டின்னு பழக்க தோஷத்துல வந்துருச்சு. தெரிஞ்சும் மூணு நாளா சொல்லாம இருந்தேன். தப்பு பண்ணிட்டேன்."

சைமா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். கத்தியை மேடையில் வைத்துவிட்டு ஐரீனைப் பார்த்தாள்.

"எம் பொண்ணு நிச்சயத்துலயா அக்கா?"

ஐரீனுக்குக் கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கியது. கிறிஸ்துமஸ் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க வாயில வெச்சிருந்தா? நானே கையால எடுத்து ஊட்டி வுட்ருப்பேனே. உன்ன நம்பித்தான அந்தம்மா கிட்ட பெருமையடிச்சேன்? அடுப்பு வேற. பதினஞ்சு வூட்டு கேக்கு அதுல வெந்துச்சு." சைமா தட்டைத் தள்ளி வைத்தாள். "நீ வந்து சொல்லியிருந்தா நான் ஒண்ணும் கோச்சிக்கினு இருக்க மாட்டேன். சொல்லலியே, அதான்."

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார் தமீம் பாய். வெள்ளைச் சட்டை, தொப்பி, அத்தர் வாசனை. இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா தங்கச்சி?" என்றார்.

சைமா திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பது வருஷமா அடுப்பு முன்னாடி நிக்கிறேன். துணிய தொறந்ததுமே குப்புனு வந்துச்சு." பாய் குரலைத் தாழ்த்தினார். "அந்த மாவு நம்ம அடுப்புக்குள்ள போவலம்மா. நாலு டின்னையும் வண்டில வெச்சி தேவப்பிரியம் வூட்டுக்குக் கொண்டு போனேன். அவங்க ஓவன்ல நாலையும் நெருக்கி வெச்சி எடுத்துக் குடுத்தாங்க. சின்ன டின்ல இருந்ததையும் அங்கயே வழிச்சிக் குடுத்துட்டு, டின்ன நல்லா கழுவி, நானே பழம் போட்டு வெண்ணெ கேக்கு செஞ்சு வெச்சேன். ஐரீன் வூட்டு டின்னு காணோமேன்னு நீ கேப்பியே."

ஐரீன் தட்டைக் குனிந்து பார்த்தாள். இப்போதுதான் உறைத்தது. மேலே இருந்த மூன்றும் முழு முந்திரி. மளிகைக் கடைக்காரர் மனைவியான அவள் ஜென்மத்தில் கேக் மேல் முழு முந்திரி வைத்ததில்லை. உடைந்த அரை முந்திரிதான் வைப்பாள். கருகின அடியும், தேவப்பிரியத்தின் கேள்வியும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. தேவப்பிரியத்தின் வாயில் ஒரு விஷயம் மூன்று நாள் தங்கியிருக்கிறது. ஐயரம்மாவுக்குக்கூடத் தெரியவில்லை.

"என்னைக் கூப்ட்டு ஒரு வார்த்தை கேட்ருக்கலாமே பாய்? திருப்பியாவது அனுப்பிச்சிருக்கலாம்."

"திருப்பி அனுப்பிச்சா பண்டிக நாள்ல உங்க வூட்ல கேக்கு இல்லாமப் போயிருக்கும். கேட்ருந்தா நீ இல்லன்னு சொல்லியிருப்பே." பாய் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பை வைத்தார். "உன் பெருநாளும் அதுவுமா உன்ன எதுக்குப் பொய் சொல்ல வெக்கணும்?"

அவ்வளவுதான் சொன்னார், வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். ஐரீன் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழமெல்லாம் நல்லா ஊறிகீதா என்று அவர் கேட்டது ஞாபகம் வந்தது. அதைவிட ஒரு சொல் கூடுதலாகக் கேட்டிருந்தால் அவள் பொய் சொல்லியிருப்பாள். அவருக்கு அது தெரிந்திருக்கிறது, அதனால்தான் அங்கேயே நிறுத்திக்கொண்டார். யாரும் திட்டாமலே ஒருத்திக்கு இவ்வளவு வெட்கம் வரும் என்று ஐரீனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சைமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கத்தியை எடுத்தாள். "என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல பாரு அந்த மனுஷன். நிச்சயம் முடியட்டும், கீது அவருக்கு. நீ மூஞ்ச கழுவிக்கினு வா அக்கா. இந்தக் கோலத்துலயா சபைல நிப்பே?"

கூடத்தில் தட்டு சுற்றி வந்தது. பச்சைப் புடவையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா ஒரு துண்டு எடுத்தார். மென்றார். இரண்டாவது துண்டையும் எடுத்தார். எடுத்தவர் ஐரீனைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கதான அந்த ஐரீன்? போன்ல உங்க கேக்கு கதைதான் ஓடிச்சு. இப்டி வெண்ண மாதிரி கரையுதே, எப்டிம்மா செஞ்சீங்க?"

கூடமே ஐரீனைப் பார்த்தது. ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டாவது துண்டு அவர் கையில் இருந்தது. வாசலோரம் பாய் மாப்பிள்ளையின் அத்தாவிடம் ஏதோ பேசுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சைமா மட்டும் தட்டோடு அப்படியே நின்றாள்.

"நான் செஞ்சது இல்லைங்க," என்றாள் ஐரீன். "இது தமீம் பாய் கை. என் டின்னு மட்டும்தான் என்னுது."

"அப்டியா?" மாப்பிள்ளையின் அம்மா சைமாவைப் பார்த்தார். "அப்ப இவங்க?"

சைமா தட்டை அடுத்தவருக்கு நீட்டினாள். "எங்க அக்காங்க. கேக்கு சோக்காத்தான் செய்யும், இந்த வருஷம்தான் கொஞ்சம் பேஜாராயிடுச்சு. அடுத்த டிசம்பர் நம்ம வூட்டுக்கு வாங்க, சாப்ட்டுப் பாருங்க."

கிளம்பும்போது ஐரீன் சமையலறையில் சின்ன டின்னைத் தேடினாள். வழக்கமாக அது கழுவி, உள்ளே ஒரு பிடி பேரீச்சம்பழத்தோடு திரும்பி வரும். சைமா அதைக் கழுவித் துடைத்து, மேல் அலமாரியில் தன் பாத்திரங்களுக்கு நடுவே வைத்துவிட்டிருந்தாள்.

"டின்ன குடு சைமா."

"அது இங்கயே இருக்கட்டும். அக்டோபர்ல ஜாடிய தூக்கிக்கினு நீ இங்க வா. பழத்த எங்க வூட்லயே ஊற வெப்போம்." சைமா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. "முந்திரியும் முழுசா கொண்டா. எங்க வூட்டுக்காரர் வெச்சதப் பாத்தேல்ல?"

ஐரீன் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தேவப்பிரியத்தின் வாசலுக்குப் போய் மணியை அடித்தாள்.